திரும்பி வராத மொய்

“நீ போட்ட கார்டுக்கு அவங்க திருப்பிப் போட்டாங்களா?” என்ற கேள்விக்கு இத்தனை வருஷத்தில் ஒருமுறைகூட நான் திருப்தியான பதில் சொன்னதில்லை. அம்மா கேட்டிருக்கிறார். வெளிநாட்டு முத்திரையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு மனசில்லாமல் கார்டைக் கையில் தரும் தபால்காரர் கேட்டிருக்கிறார். அவர்களெல்லாம் கேட்டுவிட்டு வேறு பேச்சுக்குப் போய்விடுவார்கள். பெரியப்பாவுக்கு மட்டும் அது கொள்கைப் பிரச்சினை. “இல்ல பெரியப்பா, நான் போட்டது ஒருத்தருக்கு, எனக்கு வந்தது வேற ஒருத்தர்கிட்டேருந்து” என்று சொன்னால், “அப்ப நீ செஞ்சது என்னாச்சு?” என்பார். அந்த ‘செஞ்சது’ எந்த அகராதியிலிருந்து வருகிறது என்று எங்கள் பக்கத்துக்காரர்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

எங்களுடையது பேராவூரணிக்கு அருகே, கல்லணைக் கால்வாயின் கடைமடை. மேட்டூர் திறந்த செய்தி பேப்பரில் பழசான பிறகுதான் எங்கள் வாய்க்காலில் ஈரம் தெரியும். சில வருஷம் அதுவும் தெரியாது. ஆற்றை மட்டும் நம்ப முடியாத ஊர்க்காரர்கள் தென்னையை நம்பினார்கள், மொய்யை நம்பினார்கள். ஆடி பிறந்தால் பந்தல், கறி விருந்து, ஊர் ஊராகப் பிரித்துப் போட்ட மேஜைகளில் நோட்டை விரித்து உட்கார்ந்திருக்கும் மொய் எழுதுபவர்கள். பணம் எண்ணும் இயந்திரம்கூட வந்துவிட்டது. ஒருவர் விருந்து வைத்து வாங்கினால், மறுபடி அவர் முறை வர ஐந்து வருஷம் ஆகும். அதுவரை அவர் வாங்கியதையெல்லாம், கொடுத்தவர்கள் விருந்து வைக்கும்போது, மேலே கொஞ்சம் சேர்த்துத் திருப்பிச் செய்துகொண்டே இருக்கவேண்டும். பத்திரம் இல்லை, ஜாமீன் இல்லை, நோட்டு மட்டும்தான். அப்பா இறந்தால் மகன் அந்த நோட்டோடு சேர்த்துத்தான் வீட்டை எடுத்துக்கொள்கிறான். பெரியப்பாவிடம் அவருடைய அப்பா காலத்து நோட்டுகளும் இருக்கின்றன. பீரோவில் நிலப்பத்திரத்துக்கு மேல்தட்டில் வைத்திருக்கிறார். தட்டுகளின் வரிசை தற்செயலானது அல்ல.

இப்படிப்பட்ட வீட்டில் உட்கார்ந்துகொண்டு நான் போஸ்ட்கிராஸிங்கில் சேர்ந்தேன். 2005 ஜூலையில் பாவ்லோ மகல்யாய்ஸ் என்ற போர்ச்சுகல் மாணவர் தொடங்கிய இணையதளம். நீங்கள் கேட்டால் உலகத்தின் ஏதோ ஒரு மூலையில் இருக்கும் ஒருவருடைய முகவரியும் ஒரு எண்ணும் கிடைக்கும். படக்கார்டில் அந்த எண்ணை எழுதி அனுப்பவேண்டும். கார்டு போய்ச் சேர்ந்து அவர் அந்த எண்ணைப் பதிந்ததும், உங்கள் முகவரி வேறு யாருக்கோ போகும். அந்த வேறு யாரோதான் உங்களுக்கு எழுதுவார். நாட்டை நீங்கள் தேர்ந்தெடுக்க முடியாது, ஆளையும் முடியாது. வங்கித் தேர்வுக்குப் படிக்கிறேன் என்ற பெயரில் வீட்டில் இருந்த காலத்தில் எனக்கு இது பெரிய விடுதலையாக இருந்தது. மாமா மகள், சித்தப்பா சம்பந்தி, பங்காளி, ஒன்றுவிட்ட பங்காளி என்று எல்லாருக்கும் ஏதோ ஒரு கணக்கில் பாக்கி இருக்கும் ஊரில், யாருக்கும் எதுவும் பட்டுவிடாமல் எழுத ஓர் இடம்.

யார் தோப்பில் யார் பறிப்பது

எனக்கு வந்தவற்றில் ஃபின்லாந்துக் கார்டுகளைத்தான் தனியே எடுத்துவைக்க ஆரம்பித்தேன். திட்டம் போட்டுச் செய்ததல்ல. அந்த நாட்டின் மொத்த ஜனத்தொகையே 55 லட்சத்தைச் சற்றுத் தாண்டும், சென்னையைவிடக் குறைவு. ஆனால் கார்டு அனுப்புவதில் பெரிய பெரிய நாடுகளோடு முன்வரிசையில் நிற்கிறார்கள். எங்கள் பெட்டிக்கு வரும் கார்டுகளில் அதனால் அடிக்கடி ஒரு ஏரி, ஒரு சிவப்புப் பலகை வீடு, பனியில் பாதி புதைந்த தபால்பெட்டிகளின் வரிசை. சிறிதும் பெரிதுமாக ஒரு லட்சத்து எண்பத்தெட்டாயிரம் ஏரி உள்ள நாடு என்று ஒருவர் எழுதியிருந்தார். அம்மா அதைக் கேட்டுவிட்டு, “அத்தனைக்கும் யாரு முறை வச்சு மடை தொறக்கிறது?” என்றார். கடைமடைக்காரியின் கேள்வி.

பெரியப்பாவை உண்மையிலேயே நிலைகுலைய வைத்தது ஒரு பழக் கார்டு. காட்டில் நீலநிறச் சிறு பழங்களைக் கூடையில் பறிக்கும் ஒரு பெண்ணின் படம். பின்பக்கம் அனுப்பியவர் எழுதியிருந்தது இதுதான்: எங்கள் நாட்டில் காடு யாருக்குச் சொந்தமாக இருந்தாலும் யார் வேண்டுமானாலும் உள்ளே நடக்கலாம், காட்டுப் பழங்களையும் காளானையும் பறிக்கலாம், அனுமதி கேட்கவேண்டியதில்லை. இது மெய்தான், அங்கே இது எல்லாருக்குமான உரிமை. வீட்டு முற்றத்துக்குள் நுழையக்கூடாது, பயிர் செய்த நிலத்தைச் சேதப்படுத்தக்கூடாது, இப்படிச் சில கட்டுப்பாடுகள்தான். நிலத்தில் முக்கால் பங்கு காடாக இருக்கும் நாட்டில் இது சின்ன விஷயமில்லை. நான் படித்துச் சொன்னதும் பெரியப்பா கார்டை வாங்கிப் பார்த்தார். “யாரு தோப்புல யாரு பறிக்கிறது?” என்றார். “சரி, பறிக்கிறான். எவ்வளவு பறிச்சான்னு சொந்தக்காரனுக்குத் தெரியுமா?” தெரியாது என்றேன். “அப்ப அவன் எப்ப இவன் தோப்புல பறிப்பான்?” என்றார். சிரிப்பாகத்தான் இருந்தது. ஆனால் எடுத்தது எங்கேயாவது எழுதப்படவேண்டும், எழுதப்பட்டது ஒருநாள் வந்த வழியே திரும்பவேண்டும் என்ற அவருடைய உலகத்துக்கும் அந்தக் கார்டுக்கும் இடையே இருந்த தூரம் கிலோமீட்டரில் அளக்கக்கூடியதாக எனக்குப் படவில்லை.

அந்த நாள்களில் எனக்கு ஒரு மிதப்பு இருந்தது. மொய் என்பது வட்டி தெரியாத வட்டிக்கடை, என்னுடையதோ எதிர்பார்ப்பில்லாத கொடை என்று நண்பர்களிடம் வாய்கிழியப் பேசியிருக்கிறேன். போஸ்ட்கிராஸிங்கின் விதிகளை ஒழுங்காக யோசித்தால் அந்தப் பேச்சு நிற்காது. புதிதாகச் சேர்ந்தவர் ஒரே நேரத்தில் ஐந்து கார்டுகளுக்கு மேல் பயணத்தில் வைத்திருக்க முடியாது. போய்ச் சேரச் சேரத்தான் வரம்பு கூடும். அறுபது நாளில் பதிவாகாத கார்டு காலாவதிப் பட்டியலுக்குப் போய்விடும். ஒரு வருஷத்துக்குள் தாமதமாக வந்து சேர்ந்தால் அப்போதும் பதியலாம். நீங்கள் அனுப்பியது எத்தனை, உங்களுக்கு வந்தது எத்தனை என்பது உங்கள் பக்கத்திலேயே எழுதியிருக்கும், இரண்டும் ஏறக்குறைய ஒட்டியே போகும். நோட்டு இருக்கிறது, எழுதுபவர் இருக்கிறார், ஊர் பார்க்கப் பாக்கியும் தெரிகிறது. இல்லாதது ஒன்றுதான்: இன்னாருக்கு இன்னார் என்ற கோடு. பெரியப்பாவுக்கு அந்தக் கோடு இல்லாதது ஏமாற்று. எனக்கு அதுதான் நிம்மதி.

அந்த நிம்மதி எதனால் என்பது நேரடியாக மாற்றிக்கொள்ளப் போனபோது விளங்கியது. அமைப்புக்கு வெளியே, இருவர் பேசிவைத்து, நீ எனக்கு நான் உனக்கு என்று அனுப்பிக்கொள்வதும் உண்டு. ஃபின்லாந்துக்காரர் ஒருவர் ஒரே உறையில் நான்கு அழகான கார்டுகள் அனுப்பிவிட்டார். அவருடைய ஊர், ஊரின் நூலகம், படகுத்துறை, பழைய ரயில் நிலையம். பதிலுக்கு என் ஊரை அனுப்பவேண்டும். பேராவூரணியில் எந்தக் கடையில் பேராவூரணிப் படம் போட்ட கார்டு விற்கிறது? தஞ்சாவூருக்குப் போனால் பெரிய கோயில் கிடைக்கும், அதே கோணம், அதே நீல வானம். வெள்ளைக்காரன் காலத்தில் சென்னையின் ஹிக்கின்பாதம்ஸ் போன்ற கடைகள் தென்னாட்டுக் காட்சிகளைக் கார்டுகளாக அச்சடித்து விற்றன. வாங்கிச் சீமைக்கு அனுப்பப் பெரும்பாலும் துரைமார்கள் இருந்தார்கள். அவர்கள் போனார்கள், கார்டும் போயிற்று. நம் ஊரை நாமே யாருக்காவது அனுப்புவோம் என்று யாரும் நினைக்கவில்லை போலிருக்கிறது. இந்த ஆதங்கத்தைத் தனிக்கட்டுரையாக எழுதவேண்டும், இப்போது வேண்டாம். கடைசியில் நானே படமெடுத்து, பட்டுக்கோட்டை ஸ்டூடியோவில் மேக்ஸி சைஸில் பிரிண்ட் போட்டு, பின்னால் கெட்டி அட்டை ஒட்டிக் கார்டாக்கினேன். மனோரா ஒன்று. நெப்போலியன் வீழ்ந்ததைக் கொண்டாட 1814-இல் சரபோஜி மன்னர் மல்லிப்பட்டினம் கடற்கரையில் எழுப்பிய அறுகோண எட்டு நிலைக் கோபுரம் அது. ஐரோப்பியரின் சண்டைக்கு நம் கடற்கரையில் நினைவுச்சின்னம் என்பதை அவர்கள் நம்பவே மாட்டார்கள் என்று ஆசையாக எழுதினேன். இன்னொன்று எங்கள் வீட்டுக்குப் பின்னால் இருந்த தென்னந்தோப்பு. ஆனால் நான்கு வந்ததற்கு நான்கு போகவேண்டுமே, அவருடையது மாதிரி நேர்த்தியாக இருக்கவேண்டுமே, தாமதமாகிறதே என்று தூக்கம் கெட்ட அந்த வாரங்களில் நான் அசல் மொய் பாக்கிக்காரியாக இருந்தேன். செய்து முடித்ததும் நேரடி மாற்றை விட்டுவிட்டேன். தோப்புப் படம் மட்டும் நன்றாக வந்திருந்ததால் கூடுதலாகப் பிரிண்ட் போட்டு, அடுத்தடுத்து யாருடைய முகவரி வந்தாலும் அதையே அனுப்பினேன்.

காற்று

2018 அக்டோபரில் அப்படி ஒரு பிரிண்ட் கிழக்கு ஃபின்லாந்தில் ஏரிகளுக்கு நடுவே ஒரு சிற்றூரில் இருக்கும் வயதான அம்மா ஒருவருக்குப் போனது. பின்னால் எழுதியது நினைவிருக்கிறது. இவை தாத்தா வைத்த நெட்டை மரங்கள். வைத்து ஆறேழு வருஷம் காத்திருக்கவேண்டும், பிறகு ஒரு ஆயுள் முழுக்கக் காய்க்கும். நான் கிழவியான பிறகும் இவை நிற்கும்.

நவம்பர் 15 இரவு கஜா புயல். டெல்டாக்காரர்களுக்கு அந்த இரவை விவரிக்கத் தேவையில்லை, மற்றவர்களுக்கு விவரித்துப் பயனில்லை. ஒன்று மட்டும் சொல்கிறேன். 16-ஆம் தேதி காலை வீட்டின் பின்கதவைத் திறந்தபோது முதலில் தெரிந்தது விழுந்த மரங்கள் அல்ல. தார்ச்சாலை தெரிந்தது. சாலையில் ஒரு ஆள் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனது தெரிந்தது. எங்கள் பின்கதவிலிருந்து சாலை தெரியும் என்பதே எனக்கு அதுவரை தெரியாது. பெரியப்பா எங்கள் வேலிக்கு அந்தப் பக்கம், அவருடைய தோப்பின் நடுவில் நின்றுகொண்டிருந்தார். எண்ணிக்கொண்டிருக்கிறார் என்று நினைத்தேன். எண்ணவில்லை. பிற்பாடு அரசாங்கம் எண்ணியது. மரத்துக்கு அறுநூறு, வெட்டி அப்புறப்படுத்த ஐந்நூறு, ஆக ஒரு தென்னைக்கு 1,100 ரூபாய்.

கரண்ட் வாரக்கணக்கில் இல்லை. கடைத்தெருவில் ஜெனரேட்டர் வைத்துக் காசுக்குச் செல்போன் சார்ஜ் போட்டுத் தந்தார்கள். மிக்ஸி ஓடாத வீடுகளின் பெண்களும் மோட்டார் ஓடாத வயல்களின் ஆண்களும் வரிசையில் நிற்பார்கள், ஒயர்களுக்கு நடுவே எது யாருடைய போன் என்று தேடிக்கொண்டு. டவர் லேசாக எட்டிப்பார்த்த ஒரு மத்தியானம், அங்கே நின்றபடி போனைத் திறந்தேன். உறவுக்காரர்களின் தவறிய அழைப்புகளுக்கு நடுவில், கார்டு வந்து சேர்ந்ததாக போஸ்ட்கிராஸிங்கின் மின்னஞ்சல். அதற்குள் அந்த அம்மாவின் செய்தி. எவ்வளவு அழகான தோப்பு, அந்த நிழலில் ஒருமுறை நடக்க ஆசையாக இருக்கிறது, இங்கே பகல் சுருங்கிவிட்டது, உங்கள் கார்டைச் சமையலறைச் சுவரில் ஒட்டியிருக்கிறேன், உங்கள் மரங்கள் நீண்ட நாள் வாழட்டும்.

அந்த வரிசையில் நின்றுகொண்டு அதை நான் எத்தனை தடவை படித்திருப்பேன் என்று தெரியாது. எனக்கு அழுகை வரவில்லை, கோபம் வந்தது. யார்மேல் என்று சொல்லத் தெரியாத கோபம். இங்கே வேரோடு கிடக்கும் மரங்கள் உலகத்தின் இன்னொரு முனையில் ஒரு சுவரில் நின்றுகொண்டிருக்கின்றன. அனுப்பும்போது உண்மையாக இருந்தது போய்ச் சேர்ந்தபோது பொய்யாகிவிட்டது, அதை வாங்கிக்கொண்ட ஒருவர் மனப்பூர்வமாக வாழ்த்துகிறார். தபாலுக்கு எப்போதும் இந்தக் குணம் உண்டுதான். எழுதிய நேரமும் படிக்கும் நேரமும் வேறுவேறு. ஆனால் நடுவில் ஊரே மாறிவிடும் அளவுக்கு அது வேறாக இருந்ததை நான் அதற்குமுன் அனுபவித்ததில்லை. அமைப்பின் கணக்குப்படி அந்தப் பரிமாற்றம் முடிந்துவிட்டது. நான் போட்டேன், அவர் பதிந்தார். இனி யாரோ எனக்கு எழுதுவார். கோடு இல்லாத உறவின் வசதி இதுதான், பேசாமல் போனை மூடிவிடலாம். மூட முடியவில்லை. நீங்கள் பார்க்கும் மரங்கள் இப்போது இல்லை, மூன்றைத் தவிர எல்லாம் விழுந்துவிட்டன, நாங்கள் நலம் என்று பதில் எழுதினேன். அதை எழுதியபோது, ஊரில் வருகிற போகிற எல்லாரிடமும் சொல்லிச் சொல்லி மரத்துப்போயிருந்த செய்தி, முதல்முறையாகச் சொல்வதுபோல் இருந்தது. அவருக்கு எங்களிடம் எந்தப் பாக்கியும் இல்லை என்பதால்தானோ என்னவோ.

அடுத்த வருஷம் ஆடி வந்தது. மொய் என்றால் முகம் சுளிப்பவர்களும் மொய்யைக் கொண்டாடுபவர்களும் இரண்டு பேருமே அந்த ஆடியில் எங்கள் ஊரில் இருந்திருக்கவேண்டும். பந்தல்கள் குறைந்திருந்தன, விருந்து வைத்தவர்களும் நினைத்தது வரவில்லை என்றார்கள். பெரியப்பா தோப்பு போன கையோடு, திருப்பிச் செய்யவேண்டிய வீடுகளுக்கு வெளியில் கடன் வாங்கிச் செய்தார். பெரியம்மா அழுதார். “இந்த வருஷம் நம்ம நெலமை எல்லாருக்கும் தெரியும், சொன்னா ஒத்துக்குவாங்க” என்று நான் சொன்னதற்கு, “எல்லாருக்கும் நம்ம நெலமைதான் பாப்பா, அதனாலதான் செய்யணும்” என்றார் பெரியப்பா. எனக்கு அதில் கொடுமையும் தெரிந்தது. அதேசமயம், விருந்து வைத்து வந்த பணத்தில் போர் போட்டவர்களையும் கன்று வாங்கி நட்டவர்களையும் பார்த்தேன். நிவாரணப் பணம் வங்கிக் கிளையில் நின்றபோது மொய்ப் பணம் கையில் இருந்தது. என்னுடைய அழகான கார்டுகள் ஒரு கன்றுக்குக்கூட உதவவில்லை. மொய்க்கு நான் மன்னிப்புப் பத்திரம் எழுதவில்லை. திருப்பிச் செய்ய முடியாமல் சொந்தம் விட்டுப்போன வீடுகளும் எங்கள் தெருவில் உண்டு. ஆனால் வட்டிக்கடை என்று ஒற்றை வார்த்தையில் தள்ளுவதை நிறுத்திக்கொண்டேன்.

எண் இல்லாத உறை

புயல் முடிந்து கொஞ்ச காலத்துக்கெல்லாம் அந்த அம்மாவிடமிருந்து ஒரு உறை வந்திருந்தது. உள்ளே ஒரு பிர்ச் மரக்காட்டுக் கார்டு. எங்கள் சிற்றூரிலும் பெருங்காற்று அடித்து மரங்கள் சாய்ந்ததுண்டு, நட்டதை நான் பார்க்க மாட்டேன் என்று தெரிந்தும் என் கணவர் நட்டார் என்று எழுதியிருந்தார். ஆறுதல் வாசகம் எதுவும் இல்லை, அதுவே பிடித்தது. மூலையில் எண் இல்லை. அமைப்பின் வழியாக வராததால் எந்தப் பட்டியலிலும் அது ஏறாது. பெரியப்பா கார்டைவிட உறையைத்தான் கவனமாகப் பார்த்தார். எல்லாக் கார்டிலும் ஓர் எண் இருக்கும் என்பது அவருக்கு அதற்குள் பழகியிருந்தது.

“இதுக்கு நம்பர் இல்லையே?”

“இல்ல பெரியப்பா. அவங்களாவே போட்டது.”

“அப்ப இது மொய்தான்” என்றார். ஜெயித்துவிட்ட குரல். “திருப்பிச் செய்யணும்.”

உடனே ஒரு கார்டு போட்டுவிடுகிறேன் என்றேன். அவர் அதையும் ஒத்துக்கொள்ளவில்லை. வாங்கிய மறுநாளே திருப்பிக் கொடுப்பது மொய் அல்ல, முகத்தில் எறிவது. அவர்கள் வீட்டில் ஒரு விசேஷம் வரவேண்டும், அவர்கள் அழைக்கவேண்டும், அப்போது போய்ச் செய்யவேண்டும். தேதி நம் கையில் இல்லை. எனக்கு இந்த இடத்தில் அவரோடு வாதம் செய்ய எதுவும் கிடைக்கவில்லை. துக்கத்துக்கு வந்த கார்டுக்குச் சமமாக நான் எதை அனுப்புவது? அவருக்கு ஒரு துக்கம் வரட்டும் என்றா காத்திருப்பது? நன்றி என்று மின்னஞ்சல் எழுதினேன், அதோடு நின்றுபோனது. 2020-இல் கொரோனாவில் வெளிநாட்டுத் தபாலே தடைபட்டது. பிறகு மெல்ல மீண்டது. நான் பழையபடி எண் போட்ட கார்டுகளை முகம் தெரியாதவர்களுக்கு அனுப்ப ஆரம்பித்தேன். எண் போட்ட ஃபின்லாந்துக் கார்டுகள் வருகின்றன, ஆல்பத்தில் சேர்கின்றன. உறை மட்டும் ஆல்பத்தில் பொருந்தவில்லை.

போன மாதம் பேச்சுவாக்கில் பெரியப்பாவிடம் டென்மார்க் கதையைச் சொன்னேன். அதே வடக்கு மூலையில் இருக்கும் நாடு. 1624-இல் தொடங்கிய அவர்களுடைய அஞ்சல் சேவை 2025 டிசம்பரோடு கடிதம் கொண்டுபோய்க் கொடுப்பதை நிறுத்திவிட்டது, தெருவில் இருந்த சிவப்புப் பெட்டிகளைக் கழற்றிவிட்டார்கள், இனி கடிதம் என்றால் தனியார் கம்பெனிதான். நம் ஊரில் ஐம்பது காசுக் கார்டு இன்னும் இருப்பதைப் பெருமையாகச் சொல்லத்தான் ஆரம்பித்தேன். அவர் வேறு இடத்துக்குப் போய்விட்டார். “அப்ப அந்தப் பின்லாந்து அம்மாவுக்கு நீ இன்னும் செய்யலையே? அங்கயும் நிறுத்திட்டான்னா?” என்று எழுந்துபோய், பீரோவிலிருந்து நடப்பு நோட்டை எடுத்துவந்தார். எழுதிவைத்தால்தான் நமக்கப்புறமும் நிற்குமாம். உன் கணக்கு, நீயே எழுது என்று பேனாவை நீட்டினார்.

ஊர் என்ற இடத்தில் ஊரை எழுதினேன். பெயர் எழுதினேன். தொகை என்ற இடத்தில் சண்டை. ஒரு கோடு போட்டுவிடுகிறேன் என்றேன். தொகை இல்லாமல் எழுதினால் நாளைக்கு யார் எதைத் திருப்பிச் செய்வது, ஸ்டாம்பில் போட்டிருக்கும் விலையையாவது எழுது என்றார். உறையை எடுத்துவந்து காட்டினேன். ஃபின்லாந்துக்காரர்கள் பல தபால்தலைகளில் விலையை அச்சிடுவதில்லை, எந்த வகைத் தபால் என்று மட்டும்தான் போடுகிறார்கள். விலை எவ்வளவு ஏறினாலும் அந்தத் தலை செல்லும். பெரியப்பா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, உறையை வெளிச்சத்தில் சாய்த்து, தபால்தலையின் நான்கு மூலையிலும் தேடினார். “காசே போடாம எப்படிடா ஸ்டாம்பு விப்பான்?” என்று கேட்டுக்கொண்டே, அந்தக் கட்டத்தை மட்டும் பென்சிலால் வட்டமிட்டு வைத்திருக்கிறார்.